படிக்கட்டிலிருந்து வான்பாலம் வரை: ஒரு மலிவுக் கட்டண விமான நிறுவனத்தின் வீடுகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. 2012ஆம் ஆண்டு எடுத்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாட்டி நிற்கிறார். கையில் ஒரு துணிப்பை. அவர் விரலைப் பிடித்தபடி ஏழு வயது நான். எங்களுக்குப் பின்னால் சிவப்பு நிற விமானம், அதன் வாசலில் சாய்ந்து நிற்கும் படிக்கட்டு. பாட்டி முதன்முதலாக விமானம் ஏறிய நாள் அது.

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் பாட்டியை மீண்டும் திருச்சிக்கு அழைத்துச் சென்றோம். இப்போது அவரால் நீண்ட தூரம் நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் அமர்த்தி, நீளமான கூடங்களைக் கடந்து, ஒரு மூடிய நடைபாதைக்குள் தள்ளிக்கொண்டு போனோம். திடீரென இருக்கைகள் தெரிந்தன. பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, படியே ஏறலயே! அதுக்குள்ள பிளேனுக்குள்ள வந்துட்டமா?"

அந்தக் கேள்விக்கு அப்போது சிரித்துவிட்டேன். ஆனால், வீடு திரும்பியதும் அது என்னை விடவில்லை. அதே நிறுவனம், அதே ஊர், அதே பயணம். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் படிக்கட்டு எங்கே போனது? அதைத் தேடிப் போனபோதுதான், விமான முனையம் என்பது வெறும் கட்டடம் அல்ல, நம் பயணச்சீட்டின் விலை கல்லும் இரும்புமாக எழுந்து நிற்கும் இடம் என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு ரிங்கிட் விமான நிறுவனம்

ஏர் ஏசியா 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் முதல் விமானம் 1996இல் பறந்தது. ஆனால், நாம் இன்று அறிந்திருக்கும் ஏர் ஏசியாவின் கதை 2001இல்தான் தொடங்குகிறது. இரண்டு விமானங்களும் 4 கோடி ரிங்கிட் கடனும் கொண்டிருந்த அந்த நிறுவனத்தை, டோனி பெர்னாண்டசும் அவரது பங்காளிகளும் ஒரே ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினார்கள். கடனையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலால் உலக விமானத்துறையே நிலைகுலைந்து கிடந்த ஆண்டு அது.

அவர்கள் கையில் எடுத்த வழி எளிமையானது. கட்டணத்தைக் குறைத்தால், இதுவரை பேருந்திலும் ரயிலிலும் போனவர்கள் விமானத்துக்கு வருவார்கள். 'இனி எல்லாரும் பறக்கலாம்' என்ற பொருள் தரும் ஆங்கில வாசகத்தை விமானத்தின் மேலேயே எழுதினார்கள்.

கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்றால் செலவைக் குறைக்க வேண்டும். விமானத்தின் விலையையோ எரிபொருளின் விலையையோ ஒரு சின்ன நிறுவனம் பெரிதாகக் குறைத்துவிட முடியாது. ஆனால், விமான நிலையத்தில் ஆகும் செலவைக் குறைக்கலாம். முனையங்களின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கிடைக்காத சுபாங்

கோலாலம்பூரின் விமானங்கள் ஒரு காலத்தில் சுங்கை பீசியில் இறங்கின. 1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1998 ஜூன் மாதம், சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டதும் சுபாங்கின் பொற்காலம் முடிந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த கே.எல்.ஐ.ஏ., காட்டுக்குள் ஒரு விமான நிலையம் என்ற எண்ணத்தில் எழுந்தது. அங்குள்ள துணை முனையத்தின் நடுவில் உண்மையான மரங்களே வளர்கின்றன. உலகத்துக்கு நாட்டைக் காட்டும் வாசல் அது.

ஆனால், 50 ரிங்கிட்டுக்கும் 100 ரிங்கிட்டுக்கும் சீட்டு விற்க நினைக்கும் நிறுவனத்துக்கு அந்த வாசல் பெரியது. நகருக்கு அருகிலிருந்த பழைய சுபாங்கைத் தனக்குத் தரும்படி ஏர் ஏசியா கேட்டது. அது கிடைக்கவில்லை. பெரும் பொருட்செலவில் கட்டப்பட்ட கே.எல்.ஐ.ஏ.வை விட்டுவிட்டு விமானங்கள் மீண்டும் சுபாங்குக்குத் திரும்பினால், புதிய நிலையத்தின் நோக்கமே என்னாவது என்பது அரசின் கவலை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முடிவில் ஒரு நடுவழி கிடைத்தது. கே.எல்.ஐ.ஏ. வளாகத்துக்குள்ளேயே ஓர் எளிய முனையம் கட்டித் தரப்படும். அதுதான் எல்.சி.சி.டி.

இல்லாதவற்றால் ஆன முனையம்

2006 மார்ச் 23ஆம் தேதி எல்.சி.சி.டி. செயல்படத் தொடங்கியது. ஆண்டுக்கு 1 கோடி பயணிகளைக் கையாளும் அளவில், 10.8 கோடி ரிங்கிட் செலவில் அது கட்டப்பட்டது. ஓடுபாதைகள் பெரிய முனையத்துக்கும் இதற்கும் பொதுதான். ஆனால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ரயில் கிடையாது. நகரிலிருந்து பேருந்தில்தான் வர வேண்டும்.

அந்த முனையத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கே என்ன இல்லை என்று சொல்வதே எளிது. விமானத்தோடு இணையும் நடைபாலங்கள் இல்லை. மாடிகள் இல்லை. பெரிய முனையத்தின் வளைந்த கூரையும் காடும் இல்லை. பயணப் பதிவு முடிந்து, குடிநுழைவுச் சோதனை முடிந்து, கதவைத் திறந்தால் விமானத் தளம். மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நடந்துபோய்ப் படியேற வேண்டும். எங்கள் புகைப்படம் எடுக்கப்பட்டது அந்த நடையின்போதுதான்.

இந்த 'இல்லை'கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு.

நடைபாலத்தை எடுத்துக்கொள்வோம். அதைக் கட்டவும் பராமரிக்கவும் செலவாகும். அதைப் பயன்படுத்தும் விமான நிறுவனம் கட்டணம் செலுத்த வேண்டும். ஏர் ஏசியாவின் ஏ320 போன்ற விமானங்களில், நடைபாலம் பொதுவாக முன்வாசலில் மட்டுமே பொருந்தும். படிக்கட்டு என்றால் முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் வைக்கலாம். ஒரே நேரத்தில் இரு பக்கமும் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். விமானம் சீக்கிரம் காலியாகும், சீக்கிரம் நிறையும்.

விமானம் பறக்கும்போதுதான் சம்பாதிக்கிறது. தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். ஆகவே, வந்த விமானத்தை 25 நிமிடத்தில் திருப்பி அனுப்புவதை ஏர் ஏசியா இலக்காக வைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஒரு பயணம் கூடுதலாகக் கிடைத்தால், அதே விமானம், அதே மாதத் தவணை, ஆனால் கூடுதல் பயணிகள். சீட்டின் விலை இறங்குகிறது. நாம் வெயிலில் நடந்த அந்த நூறு மீட்டரில் நம் கட்டணத்தின் ஒரு பகுதி கழிந்துகொண்டிருந்தது.

பயணிகள் சேவைக் கட்டணத்திலும் வேறுபாடு இருந்தது. விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்காகப் பயணி ஒவ்வொருவரும் சீட்டோடு சேர்த்துச் செலுத்தும் தொகை இது. 2011 இறுதியில் உயர்த்தப்பட்ட பிறகு, வெளிநாட்டுப் பயணத்துக்கு கே.எல்.ஐ.ஏ. பெரிய முனையத்தில் 65 ரிங்கிட், எல்.சி.சி.டி.யில் 32 ரிங்கிட். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 132 ரிங்கிட் மிச்சம்.

கப்பலுக்குப் பிறகு

இந்த மிச்சம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு என்ன செய்தது?

பாட்டியின் அப்பா முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து தோட்டத்தில் பால் வெட்டியவர். பாட்டி தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தார். அப்பாவின் ஊரைப் பற்றிக் கதையாகக் கேட்டதோடு சரி. ஒரு காலத்தில் தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே பயணிகள் கப்பல்கள் ஓடின. 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கப்பல் காலம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு விமானம்தான் வழி. விமானச் சீட்டோ, தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சேமிப்பை விழுங்கக்கூடியது. கல்யாணம், கருமாதி என்றால் குடும்பத்தில் ஒருவர் மட்டும் போய் வருவார். அந்த ஒருவராகப் பாட்டி ஒருபோதும் இருந்ததில்லை.

2008 டிசம்பரில் ஏர் ஏசியா திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. இந்தியாவில் அது இறங்கிய முதல் நகரம் திருச்சிதான். டெல்லியும் மும்பையும் அல்ல. இங்கிருந்து யார் போவார்கள், அங்கிருந்து யார் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, மலிவு விற்பனையில் என் அம்மா நான்கு சீட்டுகள் வாங்கினார். பாட்டி, தம் அப்பா பிறந்த ஊரை அறுபத்தேழாவது வயதில் பார்த்தார். எல்.சி.சி.டி.யின் தகரக் கூரையை யாராவது குறை சொன்னால் எங்கள் வீட்டில் இன்றும் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காரணம் இதுதான்.

'எல்லாரும்' என்றால் யார்?

ஆனால், இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

2007ஆம் ஆண்டு ஜூலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்களும் ஊன்றுகோல் பிடித்தவர்களும் எல்.சி.சி.டி.யில் திரண்டு அமைதிப் போராட்டம் நடத்தினார்கள். முற்றிலும் நடமாட இயலாத பயணிகளை ஏற்பதில்லை என்று அப்போது விமான நிறுவனம் வைத்திருந்த கட்டுப்பாட்டை எதிர்த்த போராட்டம் அது. அவர்கள் எழுப்பிய கேள்வி நேரடியானது. 'எல்லாரும் பறக்கலாம் என்கிறீர்கள். அந்த எல்லாரிலும் நாங்கள் இல்லையா?'

சற்று யோசித்துப் பாருங்கள். நடைபாலம் இல்லாததால் எனக்கு மிஞ்சியது சில ரிங்கிட். அதே நடைபாலம் இல்லாததால் அவர்கள் இழந்தது பயணத்தையே. சிக்கனத்தின் பலன் எல்லாருக்கும் பகிர்ந்து கிடைத்தது. அதன் சுமையோ சிலர் தலையில் மட்டும் விழுந்தது.

போராட்டத்துக்குப் பின் பேச்சுவார்த்தை நடந்தது. சக்கர நாற்காலியோடு பயணியை விமான வாசல்வரை உயர்த்தும் வாகனம் கொண்டுவரப்பட்டது. மலிவு முனையமாகவே இருந்துகொண்டு, யாரையும் வெளியே நிறுத்தாமல் இருக்க முடியும் என்பதை அது காட்டியது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு வாகனம். அதற்கும் முன்பாக, யாரோ சிலர் வீதிக்கு வந்து கேட்க வேண்டியிருந்தது.

அதே வாரத்தில் அக்கரையில்

எல்.சி.சி.டி. திறந்து மூன்றே நாளில், 2006 மார்ச் 26ஆம் தேதி, சிங்கப்பூர் சாங்கியிலும் 'பட்ஜெட் டெர்மினல்' எனப்படும் சிக்கன முனையம் செயல்படத் தொடங்கியது. டைகர் ஏர்வேஸ் அதன் முக்கிய நிறுவனம். அங்கும் நடைபாலம் இல்லை. அங்கும் பயணிகள் விமானம்வரை நடந்தார்கள்.

அந்த முனையம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அதே நிலத்தில் எழுந்த நான்காம் முனையம் 2017 அக்டோபரில் திறக்கப்பட்டது. தானியங்கிப் பயணப் பதிவும் கலைப் படைப்புகளும் நிறைந்த முனையம் அது. இன்று அங்கே நின்று பார்த்தால், ஒரு காலத்தில் அந்த இடத்தில் மலிவுக் கொட்டகை ஒன்று இருந்ததற்கான அடையாளமே தெரியாது.

இரு நாடுகளும் ஒரே வாரத்தில் மலிவு முனையம் திறந்தன. இரண்டும் பத்தாண்டைத் தாண்டவில்லை. அவை தோற்றுப்போனதால் மூடப்படவில்லை. ஆட்கள் அளவுக்கு மீறி வந்ததால், அந்தக் கொட்டகைகள் போதாமல் போயின.

நாற்பதாயிரம் இலட்சம்

எல்.சி.சி.டி. 2009இல் 1.5 கோடி பயணிகளுக்கு ஏற்ற அளவில் விரிவாக்கப்பட்டது. அதுவும் போதவில்லை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில், நெகிரி செம்பிலானின் லாபுவில் ஏர் ஏசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து தனி விமான நிலையம் கட்டும் திட்டம் பேசப்பட்டது. பக்கத்திலேயே கே.எல்.ஐ.ஏ. இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக கே.எல்.ஐ.ஏ. வளாகத்தில் நிரந்தர மலிவு முனையம் கட்ட முடிவானது.

முதலில் சொல்லப்பட்ட செலவு 200 கோடி ரிங்கிட்டுக்குள். 2011இல் திறப்பதாகத் திட்டம். ஆனால், கட்டடம் வளர்ந்துகொண்டே போனது. 3 கோடி பயணிகளுக்கு என்று தொடங்கியது 4.5 கோடி பயணிகளுக்கு என்றானது. நடைபாலங்கள் சேர்ந்தன. புதிய ஓடுபாதை சேர்ந்தது. திறப்புத் தேதி பலமுறை தள்ளிப்போனது. மொத்தச் செலவு ஏறத்தாழ 400 கோடி ரிங்கிட்டை எட்டியது. அதாவது நாற்பதாயிரம் இலட்சம் ரிங்கிட்.

கே.எல்.ஐ.ஏ.2 என்ற பெயரில் அது 2014 மே 2ஆம் தேதி திறக்கப்பட்டது. ஒரு வாரத்தில், மே 9ஆம் தேதி, ஏர் ஏசியா முழுமையாக இடம் மாறியது. எல்.சி.சி.டி.யின் கதவுகள் பயணிகளுக்கு மூடப்பட்டன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். எல்.சி.சி.டி. தொடங்கியபோது, ஆண்டுக்கு ஒரு பயணியைக் கையாளும் வசதியை உருவாக்க ஆன செலவு ஏறக்குறைய 11 ரிங்கிட். கே.எல்.ஐ.ஏ.2இல் அது ஏறக்குறைய 89 ரிங்கிட். ஓடுபாதைச் செலவும் இதில் அடங்கும் என்பதால், இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும், எட்டு ஆண்டுகளில் நம் எதிர்பார்ப்பு எவ்வளவு மாறிவிட்டது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

யார் கேட்ட அரண்மனை?

புதிய முனையத்தில் வசதிகளுக்குக் குறைவில்லை. பிரதான கட்டடத்தையும் துணைக் கட்டடத்தையும் இணைக்கும் வான்பாலத்தில் நடக்கும்போது, நம் காலுக்குக் கீழே விமானங்கள் ஊர்ந்து போகும். வாசலிலேயே பேரங்காடி. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் உள்ளேயே வருகிறது. மழையில் நனைய வேண்டியதில்லை. நடக்க வேண்டிய தூரம் மட்டும் கூடிவிட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், அங்கே குடியேறப் போகும் நிறுவனமே இந்த வசதிகளை முழுமனதோடு வரவேற்கவில்லை. எங்களுக்கு எளிய முனையம் போதும் என்பதே ஏர் ஏசியாவின் வாதம். கட்டடம் பெரிதானால் கட்டணமும் பெரிதாகும் என்று அது அஞ்சியது.

அந்த அச்சம் பின்னர் வழக்காகவே மாறியது. 2018 ஜனவரியில், ஆசியான் அல்லாத நாடுகளுக்குப் போகும் பயணிகளுக்கான சேவைக் கட்டணம் இரண்டு முனையங்களிலும் 73 ரிங்கிட் என்று சமமாக்கப்பட்டது. அதுவரை கே.எல்.ஐ.ஏ.2இல் 50 ரிங்கிட்தான். பெரிய முனையத்துக்கு நிகரான வசதி இல்லாதபோது நிகரான கட்டணம் எதற்கு என்று கேட்டு, கூடுதல் 23 ரிங்கிட்டைப் பயணிகளிடம் வசூலிக்க ஏர் ஏசியா மறுத்தது. விமான நிலைய நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2019 அக்டோபரில் அந்தக் கட்டணம் மீண்டும் 50 ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது.

23 ரிங்கிட்டுக்கு இவ்வளவு சண்டையா என்று நினைக்கலாம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் ஒருவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். மலிவு விற்பனையில் சீட்டு வாங்கக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு 23 ரிங்கிட்டும் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தொகைதான்.

2023இல் பெயரும் மாறியது. இப்போது அது கே.எல்.ஐ.ஏ. முனையம் 2. 'மலிவு' என்ற சொல் பெயர்ப்பலகையில் எங்கும் இல்லை. பழைய எல்.சி.சி.டி.யோ சரக்குகளையும் இணைய வணிகப் பொதிகளையும் கையாளும் இடமாக மாறியது. பாட்டி நடந்துபோன இடத்தில் இப்போது அட்டைப் பெட்டிகள் பயணம் போகின்றன.

பாட்டிக்கு ஒரு பதில்

கட்டடக் கலை, பொறியியல், வணிகம், பொதுக்கொள்கை என்று பல துறைகளில் படிக்கும் நண்பர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். நாளை உங்களில் யாராவது ஒரு முனையத்தையோ மருத்துவமனையையோ பேருந்து நிலையத்தையோ திட்டமிடும் மேசையில் அமரக்கூடும். அப்போது இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, 'இன்னும் சிறப்பாகக் கட்டுவோம்' என்னும். மற்றொன்று, 'இன்னும் மலிவாகக் கட்டுவோம்' என்னும். இரண்டுமே நல்ல குரல்கள்தாம். ஆனால், சிறப்பாகக் கட்டினால் விலை கொடுக்க முடியாமல் வெளியே நிற்பவர் யார், மலிவாகக் கட்டினால் படியேற முடியாமல் வெளியே நிற்பவர் யார் என்று இரண்டு முறையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டில் படித்துக் கிடைத்ததல்ல. 2012இல் அந்த முனையம் மலிவாக இல்லாமல் இருந்திருந்தால் பாட்டி தம் அப்பாவின் ஊரைப் பார்த்திருக்கவே மாட்டார். கடந்த ஆண்டு அந்த நடைபாலம் இல்லாமல் இருந்திருந்தால் அவர் இரண்டாம் முறை போவது பெரும்பாடாகியிருக்கும். ஒரே மனுஷிக்கு ஒரு வயதில் மலிவு தேவைப்பட்டது, இன்னொரு வயதில் வசதி தேவைப்பட்டது.

திருச்சியிலிருந்து திரும்பிய பிறகு, இதையெல்லாம் பாட்டியிடம் என்னால் முடிந்தவரை விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னார்: "படி ஏறுனதுதான் நல்லாருந்துச்சு. பிளேன முழுசாப் பாத்தோம்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தை மட்டும் துடைத்து மாட்டினேன்.